தொப்பூர் ஏற்றத்தில் பழுதான இன்ஜின்: பழைய காருக்கு ஹெட் வேலை பார்த்த அனுபவம்

2010-ஆம் ஆண்டு பதிவான எங்கள் பெட்ரோல் காரில், 2024-இல் சேலத்திலிருந்து பெங்களூருக்குச் சென்றுகொண்டிருந்தபோது, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் மளமளவென்று மேலேறியது. ஏசியை நிறுத்திவிட்டு ஓரம் கட்ட இடம் தேடுவதற்குள் அதே முள் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. இன்ஜின் தணிந்துவிட்டது என்று நம்பி வண்டியைத் தொடர்ந்து ஓட்டத் தோன்றும் நேரம் அதுதான். ஆனால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) முழுவதும் கொட்டிப்போய், வெப்பத்தை அளக்கும் சென்சார் நீரில் மூழ்காமல் வெறும் ஆவியில் நின்றாலும் முள் இப்படித்தான் இறங்கும். இழுவை குறைந்து, இன்ஜினிலிருந்து தட்டும் ஓசையும் வந்ததால் அங்கேயே நிறுத்திச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

ரேடியேட்டர் மூடியை நான் தொடவில்லை. அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடேறிய இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிப்பு விடவும் வாய்ப்புண்டு. தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைத்தேன். ரோந்து வண்டி வந்து பாதுகாப்பு ஏற்பாடு செய்தது. பிறகு காப்பீட்டுடன் சேர்த்து எடுத்திருந்த சாலையோர உதவியின் மூலம் காரை மேடை லாரியில் ஏற்றிச் சேலத்துக்கே திரும்பினோம்.

முதலில் சென்ற பணிமனையில், சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகமான ஹெட்டைக் கழற்றாமலேயே, "இன்ஜின் போயிடுச்சு சார், வேற இன்ஜின்தான் மாத்தணும்" என்று சொல்லி 95,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். காரின் சந்தை விலையே ஏறத்தாழ 1,25,000 ரூபாய்தான். பழைய கார் வைத்திருக்கும் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள். எந்த அளவும் எடுக்காமல் சொல்லப்பட்ட தீர்ப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பழகிய நண்பர் ஒருவர் காட்டிய, நீண்ட காலமாகத் தொழிலில் இருக்கும் மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுசென்றேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே எனக்கு நம்பிக்கை தந்தது: "பிரிச்சுப் பாக்காம நான் விலை சொல்ல மாட்டேன் சார்."

அவர் முதலில் இன்ஜின் சுழல்கிறதா என்று கிராங்க் புல்லியைக் கையால் திருப்பிப் பார்த்தார். தடையின்றிச் சுழன்றதால், பிஸ்டன்கள் ஜாம் ஆகவில்லை என்பது உறுதியானது. அடுத்து ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். நீர் கலந்திருந்தால் ஆயில் பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருக்கும், எங்கள் காரில் அப்படி இல்லை. பிறகு நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை, அளந்தார். ஒன்றிலும் நான்கிலும் சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோவுக்கு அருகில் காட்டிய மானி, இரண்டிலும் மூன்றிலும் 6-ஐத் தாண்டவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் ஒரே அளவுக்குக் குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) எரிந்திருக்கிறது என்பதே முதல் ஊகமாக இருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். இந்தச் சோதனைகளுக்கு ஆன செலவு மிகச் சிறியது. ஆனால் லட்ச ரூபாய் முடிவு அதைச் சார்ந்திருந்தது.

இதற்கிடையே காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுப் பார்த்தேன். விபத்தால் வரும் சேதத்துக்கே வழக்கமான வாகனக் காப்பீடு பொறுப்பேற்கும். தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே முழுச் செலவும் நம் கையிலிருந்துதான் என்பது தெளிவாயிற்று. பழைய இன்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்ற யோசனையையும் நான் ஒதுக்கினேன். இன்ஜின் எண் மாறினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் திருத்த வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் தேவை. 2025-இல் 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய காருக்கு அந்தச் சிக்கல் வேண்டாம் என்று தோன்றியது.

ஹெட்டைக் கழற்றியதும் ஊகம் சரியென்று தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் கருகி அறுந்திருந்தது. எங்கள் காரில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறத்தாழ இருமடங்கு விரியும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால் விரிய இடமின்றி ஹெட் வளைந்துவிடுகிறது. நேர்விளிம்புச் சட்டத்தை மூலைவிட்டமாக வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தபோது 0.15 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. கையேடு அனுமதிக்கும் எல்லை 0.05 மில்லிமீட்டர். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அந்த வேறுபாட்டை விட்டுவிட்டுப் புதிய கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடினால் சில மாதங்களில் மீண்டும் எரிந்துபோகும். மலிவாகச் செய்யப்படும் ஹெட் வேலைகள் பலவும் தோற்பது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

லேத் பட்டறையில் முதலில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொன்னோம். நீர்ப்பாதைகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றழுத்தம் ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் ஹெட்டை அமிழ்த்துவார்கள். குமிழி வந்தால் வெடிப்பு இருக்கிறது, ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேஸிங் செய்வது வீண். குமிழி வராததால் ஃபேஸிங் செய்து, வால்வுகளையும் லேப்பிங் செய்து (கசியாமல் பொருந்தும்படி தேய்த்து) வாங்கினோம். மெக்கானிக் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றி பேரிங்குகளையும் பார்த்தார், கீறல் இல்லை. சிலிண்டர் சுவர்களில் தயாரிப்பின்போது இடப்பட்ட மெல்லிய ஹோனிங் கோடுகள் இன்னும் தெரிந்ததால், சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவைப்படவில்லை.

இத்தனைக்கும் மூல காரணம், வயதால் நொறுங்கிப்போன ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து. அதனால் ரேடியேட்டரோடு தெர்மோஸ்டாட், ஹோஸ்கள், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் ஆகியவற்றையும் மாற்றினோம். பெல்ட்டைக் கழற்றியிருக்கும்போதே பம்ப்பை மாற்றினால் அதற்குத் தனிக் கூலி இல்லை. ஹெட் போல்ட்டுகள் நீண்டு இறுகும் வகை என்பதால் பழையவற்றைப் போடக் கூடாது. புதியவற்றை நடுவிலிருந்து வெளிநோக்கி, படிப்படியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, கடைசியில் கோண அளவில் திருப்பியதை அருகில் நின்று பார்த்தேன்.

உதிரிபாகம், லேத், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றினோம். கூலன்ட் மட்டத்தைக் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்த்து வருகிறேன், அது குறையவில்லை. 2025-இல் பதிவுப் புதுப்பிப்புக்கு 25-ஆம் எண் படிவத்தோடு காரைக் கொண்டுசென்றபோது, மோட்டார் வாகன ஆய்வாளர் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்து, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்.