‘எனின்’ வந்தால் அங்கேயே நில்லுங்கள்: பழைய உரைகளைப் படித்த அனுபவம்

தமிழில் நெட் என்கிற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதப் போகிறவர்களும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரையும் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையரையும் எப்படிப் படித்தீர்கள், நாலு வரி தாண்டினால் தலை சுற்றுகிறதே. எனக்கும் சுற்றியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரியாத சொல்லுக்கெல்லாம் பொருள் எழுதி முடித்த பிறகும் வாக்கியம் என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை.

ஒரு மாதிரித் தேர்வில் தொல்காப்பிய உரைப்பகுதி ஒன்றைக் கொடுத்து, உரையாசிரியரின் கருத்து எது என்று கேட்டிருந்தார்கள். பகுதியில் இருந்த ஒரு வரி அப்படியே விடைகளில் ஒன்றாகவும் இருந்தது, குறித்துவிட்டு வந்தேன், தப்பு. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வரி உரையாசிரியர் சொன்னதே இல்லை, எதிரில் ஒருவர் கேட்பதாக வைத்துக்கொண்டு அவர் மறுக்கப்போகிற கேள்வி. வரி முடிவில் ‘எனின்’ இருந்தது, அடுத்த சொல் ‘அற்றன்று’. இரண்டையும் கண் தாண்டிப் போயிருக்கிறது.

அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன். அப்போது தினமும் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி கோட்டூர்புரத்தில் இறங்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் உட்காருவேன். பொருளைத் தேடாமல், திரும்பத் திரும்ப வருகிற சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் ஒன்று விளங்கியது: உரைநூலில் நம்மைத் திணறடிப்பது அரிய சொற்கள் இல்லை, வாக்கியத்தைப் பூட்டுகிற முப்பது நாற்பது சொற்கள்தான், அவையேதான் எல்லா உரையிலும் வருகின்றன.

முதலில் யார் பேசுகிறார் என்று காட்டுகிற சொற்கள். ‘அற்றேல்’, ‘அஃதேல்’, ‘எனின்’ வந்தால் கேள்வி கேட்பவர் பேசுகிறார். ‘அற்றன்று’ என்றால் உரையாசிரியர் மறுக்கிறார். ‘என்னை?’ என்றால் காரணம் வரப்போகிறது. ‘என்க’, ‘என்றவாறு’, ‘என்பதாம்’ வந்தால் பேச்சு முடிந்தது. ‘என்று உரைப்பாரும் உளர்’ என்பது வேறொருவர் கருத்து, பெரும்பாலும் அடுத்த வரியிலேயே அதற்கு மறுப்பு இருக்கும், பொருத்துக வினாக்களில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அடுத்து, இன்றைய தமிழ் தெரிந்ததாலேயே நாம் தவறுகிற இடங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் குறளுக்குப் பரிமேலழகர் எழுதுவதைப் பாருங்கள்: ‘காணப்பட்ட உலகத்தால் காணப்படாத கடவுட்கு உண்மை கூறவேண்டுதலின்’. இந்த ‘வேண்டுதலின்’ நம் கண்ணுக்கு ‘வேண்டுதலுடைய’ என்று படும், அதாவது ஆறாம் வேற்றுமை மாதிரி. ஆனால் அது காரணம்: கூற வேண்டியிருப்பதால். ‘தலின்’, ‘மையின்’, ‘ஆகலின்’ என்று முடிகிற இடத்திலெல்லாம் மனசுக்குள் ஒரு ‘ஆல்’ போட்டுப் படியுங்கள், பாதி வாக்கியங்கள் தானாகத் திறந்துகொள்ளும். அதே இடத்தில் ‘உலகின் மேல் வைத்துக் கூறினார், கூறினாரேனும்’ என்று தொடர்கிறார். முடித்த வினையையே மறுபடி எடுத்து அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவது இந்தப் பழைய உரைகளின் பழக்கம், ஒரு படியில் கால் ஊன்றி அடுத்த படி ஏறுவது மாதிரி. இது தெரிந்துவிட்டால் ஒரு பத்தி நீள வாக்கியத்தையும் துண்டு துண்டாகப் பிரிக்கலாம்.

‘ஆண்டு’ என்றால் வருடம் இல்லை, அங்கே, ‘ஈண்டு’ இங்கே. ‘நுதலிற்று’ என்பதில் நுதலை, அதாவது நெற்றியைத் தேடாதீர்கள், ‘உணர்த்துதல் நுதலிற்று’ என்றால் உணர்த்தக் கருதியது. இருப்பதிலேயே சிக்கலானது ‘மேல்’. ‘மேற் கூறினார்’ என்றால் முன்பு சொன்னது, ‘மேற் கூறுதும்’ என்றால் இனிமேல் சொல்லப்போவது. அந்தச் சொல்லை வைத்து முடிவு செய்யாமல் வினையின் காலத்தைப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் எப்படிப் பதியும்? எனக்கு உதவியது ஒரே பயிற்சிதான், தெரிந்த விஷயத்தை அந்த நடையில் நானே எழுதிப் பார்ப்பது. ரயிலில் போகும்போது இப்படி ஒன்று எழுதினேன்: ‘பறவாத ரயிற்குப் பறக்கும் ரயில் என்னும் பெயர் பொருந்துமாறு என்னை? எனின், தூண்மேல் உயர்ந்து ஓடுதலின் பொருந்தும் என்க.’ கேள்வி, காரணம், முடிவு மூன்றும் எங்கெங்கே உட்காருகின்றன என்பது கையால் எழுதும்போதுதான் உறைக்கிறது. தினம் ஒன்று எழுதுங்கள், தேநீர்க்கடை, பேருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நன்னூல் என்கிற இலக்கண நூல் உரைக்குப் பதினான்கு கூறுகள் சொல்கிறது, அதில் வினாவும் விடையும் தனித்தனியாக உண்டு. அந்தச் சூத்திரத்தைத் தேர்வுக்காக எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம், ஆனால் உரையைப் படிக்கும்போது அதை எடுத்து வைத்துப் பார்ப்பதில்லை. வட்டமிட்ட சொற்களுக்குப் பக்கத்தில் வி, வி என்று இரண்டு நிறத்தில் எழுதிப் பாருங்கள், வினாவுக்குச் சிவப்பு, விடைக்கு நீலம்.

எங்கே தொடங்குவது என்றால் பரிமேலழகரில் ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். அதிகாரத் தலைப்பை ஒட்டி ‘அஃதாவது’ என்று ஆரம்பிக்கிற முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள், அதிகாரம் எதைப் பற்றியது, முந்தைய அதிகாரத்துக்குப் பின் ஏன் வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணர், அவர் நடை தெளிவானது, கண் பழகிவிடும். சேனாவரையரைக் கடைசியில் வையுங்கள், அவரிடம் தடை விடை, அதாவது எதிர்க்கேள்வியும் அதற்குப் பதிலும், அதிகம். அவர் ‘உரையாசிரியர்’ என்று சொல்லும்போது பொதுவாக யாரையோ சொல்லவில்லை, இளம்பூரணரைச் சொல்கிறார், அதனால் இளம்பூரணரை அதே சூத்திரத்தில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படிக்க வேண்டும்.