அப்பா மடித்த குருத்தோலை

மார்ச் 2, 2025, ஞாயிறு. ஏற்காடு

பூசை முடிந்ததும் அறிவிப்பு: போன வருடம் குருத்து ஞாயிறன்று, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறன்று, வாங்கிய குருத்தோலை வீட்டில் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். அதை எரித்துத்தான், தவக்காலம் தொடங்கும் புதன்கிழமையன்று நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். எங்கள் வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் மூன்று ஓலைச் சிலுவைகள் இருந்தன. மூன்றும் அப்பா மடித்தவை. இரண்டைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவதில், குறுக்கு ஓலை நுழையும் இடத்தில் அவர் கட்டைவிரல் நகத்தால் அழுத்திய தடம் பிறை மாதிரி அப்படியே இருக்கிறது. மறுபடியும் படத்துக்குப் பின்னாலேயே செருகிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

"மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்." வருடா வருடம் கேட்கிற வார்த்தைதான். இந்த முறை, ஐப்பசி மழையில் குழிக்குள் ஈரமண்ணைப் பிடித்துப் போட்டது நினைவுக்கு வந்து தொண்டை அடைத்தது. நெற்றியில் இருக்கிற சாம்பலில் அப்பாவின் இரண்டு சிலுவைகளும் கலந்திருக்கும். துடைக்காமலே படுக்கப் போகிறேன்.

இன்று ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாடு; சுத்தபோசனம், அதாவது இறைச்சி கிடையாது. ஈஸ்டர் வரைக்கும் காப்பி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

நான்கு நாளும் தலைவலி. ஞாயிறு உயிர்ப்பின் நாள், தவக்காலத்தின் 40 நாள் கணக்கில் சேராது. அதனால் இன்று காப்பி உண்டு. அப்பாவும் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமைக் காப்பியை அவ்வளவு ஆசையாகக் குடிப்பார்.

மார்ச் 14, வெள்ளி

காப்பியை விட்டதில் நான் கண்டது, வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுப்புத்தான். இதுவா தவம்?

சாயங்காலம், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களாக நினைத்துச் செபிக்கும் சிலுவைப் பாதைக்குக் கிளம்பும் முன், அம்மா கஞ்சிக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். அப்பா போன பிறகும் மூன்று பேருக்குத்தான் அளக்கிறார். எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்று நின்று பார்த்தேன். மூன்றாவது பிடியை அம்மா பானையில் போடவில்லை. பக்கத்தில் இருந்த பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடினார். பாட்டிலில் முக்கால்வாசி அரிசி.

"உங்கப்பா பங்குடா. திருநீற்றுப் புதன்லேருந்து எடுத்து வைக்கிறேன். நிறைஞ்சா எஸ்டேட் லைன் வீட்டுல தனியா இருக்குற பாட்டிக்குக் குடுத்துடலாம்."

பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் புதிதில்லை. ஆனால் அப்பாவின் சாப்பாட்டையே இன்னொருவர் தட்டுக்கு அனுப்ப அம்மாவால் முடிந்திருக்கிறது. பதினான்கு ஸ்தலமும் முழங்காலிட்டு எழுந்தபோது எனக்கு அந்த பாட்டில்தான் கண்ணில் நின்றது. நான் விட்டது காப்பியை. விட முடியாததைப் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 28, வெள்ளி

நல்ல மழை பெய்து, காப்பி பூத்துவிட்டது. செடி முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி வாசம், எங்கும் தேனீ. பூ இரண்டு மூன்று நாளில் வாடி உதிர்ந்துவிடும். பாட்டிக்கு அரிசி கொடுத்தாயிற்று. இரண்டாவது முறை பாட்டில் நிறைகிறது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஓசன்னா பாடிக்கொண்டு பவனி. கீழே சேலத்திலிருந்து வந்த தென்னங்குருத்து, இன்னும் பாலின் நிறம். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து மடித்தேன். இரண்டு முறை பிரிந்துகொண்டது. "அப்பா இன்னும் அழுத்தி மடிப்பாரு," என்றார் அம்மா. அழுத்தினேன், நின்றது.

பழையதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பப் போனேன். உபதேசியார் வாங்கிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கே தம்பி?"

"பரவாயில்லங்க. இங்கேயே இருக்கட்டும்."

பீரோவைத் திறந்து, மேல் தட்டில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்தார்.