சின்னத் தாத்தாவுக்கு ஒரு திதி கிடைத்த கதை

எங்கள் வீட்டில் எல்லா அமாவாசையிலும் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டாலும், திதி மட்டும் இல்லாதவர் சின்னத் தாத்தா. என் தாத்தாவின் தம்பி. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது சிறைப்பட்டார். போர் முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "ராபால் போற கப்பல்ல ஏத்தினாங்க, கப்பல் முங்கிடுச்சாம்" என்று மட்டும் சொன்னாராம். ராபால் என்பது பசிபிக் கடலில் நியூ பிரிட்டன் தீவில் இருக்கும் துறைமுகம். எந்தக் கப்பல், என்றைக்கு, ஒன்றும் தெரியாது.

அவர் மனைவி, சின்ன ஆயா, தாலியைக் கழற்றவே இல்லை. "யாரு கண்ணால பாத்தாங்க?" என்பதுதான் கடைசி வரை அவர் பதில். 1987இல் நெற்றியில் பொட்டோடுதான் போனார்.

தேடலாம் என்று நான் உட்கார்ந்தது அம்மாவுக்காக. முதலில் உள்ளூரில் ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். அந்தக் காலத்துக் கோப்பு எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் ஆயாவின் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. அடியில் நாலாய் மடித்த பென்ஷன் காகிதம், மடிப்பில் கிழிந்து, ஓரமெல்லாம் செல்லரித்து. ஆனால் நடுவில் சேவை எண்ணும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்ற படைப்பிரிவின் பெயரும் தப்பித்திருந்தன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் முதலில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரை விட எண்ணுக்குத்தான் மதிப்பு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பிரிட்டன், இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டுப் படைகளில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களைத் தேடலாம். கட்டணம் கிடையாது. நான் பெயரை வைத்துத் தேடியே இரண்டு வாரத்தை வீணாக்கினேன். தாத்தாவின் பெயர் 'சாமி' என்று முடியும். ஆங்கிலத்தில் ஸ்வாமி, சாமி, சாவ்மி என்று அந்தக் காலத்து எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதால் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதும் குழப்பம். கடைசியில் பெயரை விட்டுவிட்டு, இந்திய ராணுவம், இரண்டாம் உலகப் போர், சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்று வடிகட்டி, கூடுதல் விவரத்தில் 'வட ஆற்காடு' என்று போட்டேன். வந்த பட்டியலில் சேவை எண்ணைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இருந்தார். தகப்பனார் பெயர், கிராமத்தின் பெயர், இறந்த தேதி. அதற்கும் கீழே, 'இன்னாரின் கணவர்' என்று ஆயாவின் பெயர். ஒரு எழுத்து தப்பு, ஆனாலும் ஆயாதான். இந்திய வீரர்கள் பலருடைய பதிவில் இப்படித் தகப்பனார், மனைவி, ஊர் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். சாகும் வரை அவருக்காகக் காத்திருந்தவரின் பெயர் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, அது ஆயாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. அன்று நான் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

கப்பலின் பெயர் பதிவில் இல்லை. சிறைப்பட்ட இந்தியர்களை ஜப்பானியர் ஆயிரக்கணக்கில் நியூ பிரிட்டனுக்கும் நியூகினிக்கும் வேலைக்கு ஏற்றிப் போனார்கள். உள்ளே கைதிகள் இருப்பதற்கு அந்தக் கப்பல்களில் அடையாளம் எதுவும் இருக்காது. எதிரிக் கப்பல் என்று நினைத்து நேச நாட்டு நீர்மூழ்கிகளே அவற்றில் பலவற்றை மூழ்கடித்தன. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கடைசியில் சொல்லிவிட்டேன். "சரி, அவங்களுக்கும் தெரியாதுதானே" என்றார்.

தேதி கிடைத்ததும் ஐயரிடம் போனோம். பழைய பஞ்சாங்கம் பார்த்து, சுபானு வருஷம், தேய்பிறை தசமி என்று எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தத் துண்டுச் சீட்டை மஞ்சள் தடவி சாமி மாடத்தில் வைத்தார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராஞ்சியில் இருக்கும் அந்தச் சிங்கப்பூர் நினைவுச்சின்னத்துக்குப் போனான். எம்ஆர்டி ரயிலிலேயே போகலாம். கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே, விமான இறக்கை போல விரிந்த கூரைக்குக் கீழே தூண் தூணாகப் பொறித்திருக்கிறது. தூண் எண்ணும் பதிவிலேயே இருக்கும், குறித்துக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் அலைய வேண்டும். அவன் வீடியோ அழைப்பில் கைபேசியைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தான். வெயிலில் எழுத்து வெளிறித் தெரிந்தது. அவன் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக் காட்ட, இங்கே அம்மாவும் திரை மேல் விரல் வைத்து அவன் கூடவே தடவிக்கொண்டு வந்தார்.

"அங்கேர்ந்து கடல் கிட்டயாப்பா?" என்று கேட்டார். ஜொகூர் நீரிணை பக்கம்தான் என்றான் அவன். "அப்போ ஒரு கை எள்ளு விட்டுட்டு வா. சின்ன ஆயா பேரையும் சேத்துச் சொல்லு."

ஆயாவின் பெயரில் இருக்கும் பிழையைத் திருத்தச் சொல்லி, பென்ஷன் காகிதத்தின் படத்தோடு ஆணையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். சான்று இருந்தால் திருத்துவார்கள். தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன்.