நியூ கீ அண்ணனும் தம்பியும்: கப்பல் ஆவணங்களில் தேடும் நாட்குறிப்பு

மார்ச் 2

கையில் இருப்பது இரண்டு வரித் தகவல். மேற்கு வேல்ஸில் கார்டிகன் விரிகுடாவை ஒட்டிய நியூ கீ ஊர். அண்ணன் 1834 வாக்கில் பிறந்தவர், தம்பி 1841. இருவரும் வணிகக் கப்பல் மாலுமிகள். குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேல்ஸில் ஜோன்ஸைத் தேடுவது நம் ஊரில் முருகனைத் தேடுவது மாதிரி. அதனால் முதலில் ஊர், அப்புறம் கப்பல், ஆள் கடைசியில்.

ஊர்ப் பெயரே ஏமாற்றும். கார்ன்வாலிலும் ஒரு நியூகீ உண்டு. கப்பலின் மாலுமிப் பட்டியலை எழுதிய ஆங்கில எழுத்தருக்கு இரண்டும் ஒன்றுதான். பிறந்த ஊர் ‘கார்டிகன்’ என்றிருந்தால் அது நகரமா, மாவட்டமா தெரியாது. நியூபோர்ட் பெம்ப்ரோக்ஷயரிலும் இருக்கிறது, மான்மத்ஷயரிலும் இருக்கிறது. ஆவணத்தில் உள்ளதை எழுத்து மாற்றாமல் ஒரு பக்கம் குறித்து, நம் ஊகத்தைத் தனியே எழுதிவைக்க வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது.

மார்ச் 4

தகப்பன் பெயரைத் தன் பெயரோடு சேர்க்கும் வழக்கம் நமக்குப் பழகியதுதான். வேல்ஸின் கிராமப்புறங்களில் அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீடித்தது. அப்பா இவான் ஜோன்ஸ் என்றால் ஒரு மகன் ஜோன்ஸாகவும் இன்னொருவன் இவான்ஸாகவும் பதிவாகியிருக்கலாம். ஆகவே தம்பியை இரண்டு பெயரிலும் தேட வேண்டும். ஆளை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் வீட்டுப் பெயரோ பண்ணைப் பெயரோதான். அது எங்கே கண்ணில் பட்டாலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 9

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். 1845 முதல் 1853 வரை மாலுமிகளுக்குப் பதிவு அடையாளமாக ஒரு டிக்கெட் கொடுத்தார்கள். முதலில் பி.டி. 114 (பி.டி. என்பது பிரிட்டிஷ் வணிக வாரிய ஆவணங்களின் குறியீடு) என்ற அகரவரிசைப் பட்டியலில் பெயரையும் பிறந்த ஊரையும் வைத்து டிக்கெட் எண்ணை எடுக்க வேண்டும். அந்த எண்ணோடு பி.டி. 113 பதிவேட்டுக்குப் போனால் பிறந்த நாள், உயரம், முடி நிறம், கண் நிறம், எழுதத் தெரியுமா என்பது வரை கிடைக்கும். புகைப்படம் இல்லாத காலத்து மனிதரின் முகம் இவ்வளவு நெருக்கத்தில் தெரிவது பெரிய கொடுப்பினை.

அண்ணனுக்கு இது பொருந்தும். 1853இல் தம்பிக்குப் பன்னிரண்டு வயதுதான். அடுத்து வந்த பதிவேடு (பி.டி. 116) 1857இல் நின்றுபோனது. பிறகு 1913 வரை மாலுமிகளுக்கு மையப் பதிவேடே கிடையாது. தம்பியின் உழைப்புக் காலம் முழுக்க அந்த இடைவெளியில் விழுகிறது.

மார்ச் 15

மிச்சம் இருப்பது கப்பல்வாரியான மாலுமிப் பட்டியல்கள். 1857 முதல் இவை கப்பலின் அதிகாரபூர்வ எண்படி அடுக்கப்பட்டவை. பெரும்பாலானவற்றில் பெயரை வைத்துத் தேட வழியில்லை, கப்பல் தெரிந்தாக வேண்டும்.

அந்த எண் 1855 முதல் வழங்கப்பட்டது. கப்பலின் பெயர் மாறினாலும், வேறொரு பிரிட்டிஷ் துறைமுகத்துக்குப் பதிவு மாறினாலும் எண் மாறாது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடியதால் பதிவுத் துறைமுகத்தையும் டன் அளவையும் சரிபார்த்த பிறகே எண்ணை எடுக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டவர்கள் யாரோ ஒருவருடைய தாத்தாவைத் தன் குடும்ப மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

பட்டியலில் பெயர், வயது, பிறந்த ஊர், வேலை, சம்பளம், ஏறிய இடம், இறங்கிய இடம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விட மேலானது ‘கடைசியாக வேலை பார்த்த கப்பல்’ என்ற கட்டம். அதைப் பிடித்து ஒவ்வொரு கப்பலாகப் பின்னோக்கி நடக்கலாம். வயது இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கும், அதற்காக ஆளைத் தள்ளிவிட வேண்டாம்.

ஒரு பெயரை மட்டும் தேடாமல் அந்தப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்: அண்ணன் மேட்டாக (கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாக) இருக்கும் கப்பலில் தம்பி சமையல் பையனாகவோ சாதாரண மாலுமியாகவோ ஏறியிருப்பது வழக்கம். நியூ கீ ஜோன்ஸ் ஒருவர் மட்டும் இருந்தால் அவர் நம் ஆள்தானா என்பது சந்தேகம். சரியான வயது இடைவெளியில் இருவர் ஒன்றாக இருந்தால் அது வலுவான சான்று.

மார்ச் 16

பட்டியல்கள் சிதறிக் கிடக்கின்றன. 1861, 1862, அப்புறம் 5இல் முடியும் ஆண்டுகள் என்றால் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம். ஒவ்வோர் ஆண்டிலும் பத்து விழுக்காடு கியூவில். 1863 முதல் 1913 வரையிலானவற்றில் சிலவற்றை உள்ளூர்க் காப்பகங்கள் கேட்டு வாங்கின; அபெரிஸ்ட்வித்தில் பதிவான கப்பல்களுடையவை அந்த ஊரிலேயே வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. எஞ்சிய பெரும்பகுதி, ஏறக்குறைய எழுபது விழுக்காடு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகத்தில். அங்கே கேட்கும்போது எண்ணும் ஆண்டும் கொடுத்தால் போதும்.

எல்ப் ஆறு (ஜெர்மனி) முதல் பிரெஸ்ட் (பிரான்ஸ்) வரையிலான கரையோர வணிகக் கப்பல்கள் அரையாண்டுக்கு ஒரு பட்டியல் கொடுத்தன. அதனால் அவற்றுக்கு ஓர் ஆண்டுக்கு இரண்டு பட்டியல் கேட்க வேண்டும். ஒன்றை வாங்கிவிட்டு ஆள் இல்லை என்று முடிவுகட்டுவது வீண்.

மார்ச் 22

ஒருவர் மேட்டோ கேப்டனோ ஆகியிருந்தால் வேலை பாதி குறையும். தகுதிச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தில் பிறந்த தேதி, முகவரி, அதுவரை வேலை பார்த்த கப்பல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். இவையும் கிரீனிச்சில்தான். கேப்டனானவர்கள் கப்பலில் பங்கும் வாங்குவார்கள். பிரிட்டிஷ் கப்பலுக்கு 64 பங்கு. கப்பல் பதிவேட்டில் பங்குதாரரின் தொழிலும் ஊரும் எழுதியிருப்பார்கள். அண்ணன் தம்பி இருவரும் ஒரே கப்பலில் நாலு பங்கு வைத்திருந்தால் அது பெரும் சாட்சி.

மார்ச் 29

குடிக்கணக்கு. ‘மாலுமியின் மனைவி’ என்று எழுதப்பட்ட வீடுகளையும் பார்க்க வேண்டும். கணவர் அன்றிரவு கடலில். கப்பல்களில் இருந்தவர்களின் கணக்குப் படிவங்கள் பெரும்பாலும் 1861 முதல்தான் கிடைக்கின்றன.

கல்லறைகளில் வெல்ஷ் மொழி. ‘எர் கோவ் ஆம்’ என்றால் நினைவாக, ‘மாப்’ மகன், ‘ஹெவிட்’ மேலும். உடல் கிடைக்காமல் கடலில் போனவர்களின் பெயரைக் குடும்பக் கல்லில் சேர்த்தார்கள். எனவே ‘ஹெவிட்’ வந்தால் அதற்குக் கீழே உள்ள வரிகளை விடக் கூடாது, கப்பல் பெயர்கூட இருக்கலாம்.

ஏப்ரல் 3

கடல் மரணத்துக்கு உள்ளூர்ச் சான்றிதழ் தேடிப் பயனில்லை. மாலுமிகளுக்கு 1851 முதல் 1890 வரை பி.டி. 153, 1891 முதல் பி.டி. 334. அங்கே கிடைக்கும் கப்பல் பெயரை வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவச நாளிதழ்த் தளத்தில் (1919 வரை) ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேடலாம்; ஜோன்ஸ் என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும்.

அடுத்து: அண்ணனின் கடைசிக் கப்பலுக்கு 1865, 1875 பட்டியல்களைக் கிரீனிச்சில் கேட்பது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு நியூஃபவுண்ட்லாந்து.