மூன்று போப்பாண்டவர், ஒரே உண்டியல்

ஒரே சமயத்தில் மூன்று போப்பாண்டவர்கள் இருந்த காலம் உண்டு என்று சொன்னால் எங்கள் எதிர்வீட்டு அக்கா நம்பவே இல்லை. செந்தூலில் பிறந்து வளர்ந்தவர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். "போடி, உனக்கு யாரோ கதை விட்டிருக்காங்க" என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சரி, எழுதியே காட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு சின்ன கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். சரித்திரப் பட்டதாரி கிடையாது. கிளானா ஜெயா தடத்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் வாசிப்பேன், கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். அதனால் இந்தக் கதையில் இறையியல் வாதங்களைவிட ரசீதுப் புத்தகம் யார் கையில் இருந்தது என்பதுதான் என் கண்ணில் முதலில் படுகிறது.

1309 முதல் போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் குடியிருந்தார்கள். பிரான்ஸ் ராஜாவின் கண் பார்வைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1377 ஜனவரியில் 11-ஆம் கிரகோரி ஒருவழியாக ரோமுக்குத் திரும்பினார்; அடுத்த ஆண்டு மார்ச்சில் கண்ணை மூடிவிட்டார். புதியவரைத் தேர்ந்தெடுக்க உள்ளே போன 16 கர்தினால்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். இவர்கள் மறுபடியும் மூட்டை கட்டிவிடுவார்களோ என்று ரோம் ஜனங்களுக்குப் பயம். "ரோமாபுரிக்காரர் வேண்டும், இல்லாவிட்டால் இத்தாலியராவது வேண்டும்" என்று வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தவர்கள் தெற்கு இத்தாலியில் இருக்கும் பாரி நகரத்துப் பேராயர் பிரின்யானோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கர்தினால்கூட இல்லை. போப்பாண்டவரின் செயலகத்தில் காகித வேலைகளைக் கவனித்தவர். இந்த முடிவை வெளியே போய்ச் சொல்வதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. உயிர் பிழைத்தால் போதும் என்று கர்தினால்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களில் ஒருவரான தெபால்தெஸ்கி என்ற வயதான ரோமாபுரிக்காரருக்குப் போப்பாண்டவர் உடையை மாட்டி, "இவர்தான்" என்று காட்டினார்கள். பாவம், அந்தக் கிழவர் "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்தினாராம்.

குழப்பம் அடங்கி, 6-ஆம் உர்பான் என்ற பெயரில் பிரின்யானோ பதவி ஏற்றார். நேற்றுவரை கைகட்டி நின்ற மேலாளர் இன்று முதலாளியானால் என்ன நடக்குமோ அது நடந்தது. கர்தினால்களின் ஆடம்பரத்தை முகத்துக்கு நேராகத் திட்டினார். அவர்களில் பலருக்கு அது தேவைதான் என்பது என் கட்சி. ஆனால் திட்டு வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? வெயில் காலத்தைச் சாக்காகச் சொல்லி ஒவ்வொருவராக ஊரை விட்டு நழுவினார்கள். "மிரட்டலுக்குப் பயந்து நடந்த தேர்தல், செல்லாது" என்று அறிக்கை விட்டார்கள். செப்டம்பர் 20 அன்று, ஃபோந்தி என்ற ஊரில், ஜெனீவாவின் ராபர்ட் என்பவரை 7-ஆம் கிளமெந்து என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த ராபர்ட்டின் கூலிப்படை செசேனா நகரத்தில் மக்களைக் கொன்று குவித்திருந்தது. ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து என்பார்களே, அப்படி ஆள் பார்த்திருக்கிறார்கள்.

வெளியாள் புகுந்து குழப்பிய சண்டையாக இருந்தால் யார் சரி என்று எளிதில் சொல்லிவிடலாம். இங்கே ஏப்ரலில் ஒருவருக்கும் செப்டம்பரில் இன்னொருவருக்கும் வாக்குப் போட்டது கிட்டத்தட்ட அதே கைகள். கிளமெந்து அவிஞ்ஞோனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பிரான்ஸ் அவர் பக்கம். அதனால் பிரான்சுடன் சண்டையில் இருந்த இங்கிலாந்து ரோம் பக்கம். அதனால் இங்கிலாந்தோடு ஆகாத ஸ்காட்லாந்து அவிஞ்ஞோன் பக்கம். யாருக்கு ஆண்டவர் அருள் இருக்கிறது என்பதை ஜெபித்து முடிவு செய்த மாதிரி தெரியவில்லை. புனிதர்களே பிரிந்து நின்றார்கள்: சியன்னா கத்தரீன் உர்பான் பக்கம், வின்சென்ட் ஃபெரர் அவிஞ்ஞோன் பக்கம். இரண்டு போப்பாண்டவரும் ஒருவரையொருவர் சபைநீக்கம் செய்தார்கள், எதிராளியை ஆதரித்தவர்களையும் சேர்த்து. அப்படிப் பார்த்தால் ஐரோப்பாவில் அன்றைக்கு உயிரோடிருந்த ஒவ்வொரு கத்தோலிக்கரும் யாரோ ஒருவர் கணக்கில் சபைக்கு வெளியே.

இதை வாசித்தபோது எனக்கு நன்றாகவே புரிந்தது, காரணம் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்று. பெயர் வேண்டாம். நிர்வாகம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து, இரண்டு தலைவர், இரண்டு சாப் (ரப்பர் முத்திரை), இரண்டு ரசீதுப் புத்தகம். ஒன்று மஞ்சள் அட்டை, மற்றது பச்சை. தணிக்கைக்கு இரண்டு தரப்பும் கணக்கை அனுப்பின. இரண்டிலும் வங்கி தொடக்க இருப்பு ஒரே தொகை, காசு பிசகாமல்! வங்கியில் இருந்ததோ ஒரே கணக்கு, அதுவும் கையெழுத்துத் தகராறில் முடக்கம். தைப்பூச அன்னதானத்துக்கு ஒரு பெரியவர் மஞ்சளில் 51 ரிங்கிட், பச்சையில் 51 ரிங்கிட் என்று இரண்டு ரசீதும் வாங்கி வைத்திருந்தார். "ஏன் ஐயா ரெண்டு பக்கமும்?" என்று கேட்டேன். "எது சாமிக்குப் போய்ச் சேருதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். 1380-களில் ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த தகப்பனுக்கும் இதே கவலைதான் இருந்திருக்கும். அந்தக் குருவுக்குப் பட்டம் கொடுத்த ஆயரை நியமித்தவர் போலி போப் என்றால் பிள்ளையின் கதி என்ன?

பணத்துக்கு வருகிறேன். புதிதாக ஆயர் பதவி கிடைத்தவர் முதல் ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கைப் போப்பாண்டவருக்குக் கட்ட வேண்டும் என்பது அன்றைய வழக்கம். போப்பாண்டவர் இரண்டானதும் அரண்மனைச் செலவு இரட்டித்தது, வருமானமோ பாதியாகப் பிரிந்தது. எந்த நிறுவனமாக இருந்தாலும் அடுத்து என்ன செய்யும்? விற்கக்கூடியதை எல்லாம் விற்கும். ரோமில் 1389-ல் பதவிக்கு வந்த 9-ஆம் போனிஃபாஸ் காலத்தில் பதவிகளும் பாவமன்னிப்புச் சீட்டுகளும் கடைச்சரக்கு மாதிரி போயின.

தீர்க்க யாரும் முயலவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1394-ல் பாரிஸ் பல்கலைக்கழகம் ஒரு பெட்டியை வைத்து, யோசனை உள்ளவர்கள் சீட்டு எழுதிப் போடுங்கள் என்றது. சுமார் 10,000 சீட்டு விழுந்ததாகச் சொல்கிறார்கள். அத்தனையும் வாசித்து மூன்று வழி எடுத்தார்கள்: இருவரும் விலகுவது, நடுவர் வைத்துப் பேசுவது, பொதுச்சங்கம், அதாவது பல நாட்டு ஆயர்களும் சேர்ந்த சபை, கூட்டுவது. மூன்றும் அப்போதைக்கு ஏட்டுச் சுரைக்காய். 1408 வாக்கில் ரோமின் 12-ஆம் கிரகோரியும் அவிஞ்ஞோனின் 13-ஆம் பெனடிக்டும் நேரில் சந்திப்பதாக ஒப்புக்கொண்டு கிளம்பினார்கள். பெனடிக்ட் கரையோரமாக வந்து நின்றுவிட்டார், கிரகோரி உள்நாட்டில் லூக்கா என்ற ஊரோடு நின்றுவிட்டார். ஒருவர் தண்ணீருக்கு அஞ்சும் தரைப் பிராணி, மற்றவர் கரையேற அஞ்சும் நீர்ப் பிராணி என்று கிரகோரியிடமே வேலை பார்த்த லெயொனார்தோ புரூனி எழுதி வைத்திருக்கிறார். சம்பளம் கொடுப்பவரைப் பற்றி இப்படி எழுதத் தைரியம் வேண்டும்.

பொறுத்துப் பார்த்த கர்தினால்கள் இரு பக்கத்திலிருந்தும் 1409-ல் பீசாவில் கூடினார்கள். இருவரையும் நீக்கினோம், இனி 5-ஆம் அலெக்சாந்தர் ஒருவரே என்றார்கள். நீக்கப்பட்ட இருவரும் அசையவில்லை. ஆக, மூன்று. (அக்கா, இங்கேதான்.) எங்கள் கோயிலில் இந்த அளவுக்குப் போகவில்லை, முருகன் காப்பாற்றினார். அலெக்சாந்தர் அடுத்த ஆண்டே இறந்ததும் பீசா வரிசையில் வந்தவர் பால்தசாரே கோசா, 23-ஆம் யோவான். "அது எங்க புனிதர் பேரு ஆச்சே!" என்று அக்கா சண்டைக்கு வருவார். அவர் வேறு, 1958-ல் அவர் அதே எண்ணை எடுத்துக்கொண்டபோதுதான் கோசா அதிகாரப்பூர்வ வரிசையில் இல்லை என்பது எல்லோருக்கும் தெளிவானது.

கோசாவுக்கு நேப்பிள்ஸ் ராஜாவோடு போர். போருக்குப் பணம் வேண்டும். 1412-ல் பாவமன்னிப்புச் சீட்டு விற்க ஆட்கள் பிராக் நகரம் வரை வந்து, கோயில்களில் பணப்பெட்டி வைத்தார்கள். பிராக்கைத் தலைநகராகக் கொண்ட பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) ராஜா வென்செஸ்லாசுக்கும் அதில் பங்கு. பெத்லகேம் சிற்றாலயத்தில் செக் மொழியில் பிரசங்கம் செய்துவந்த யான் ஹுஸ் எழுந்து நின்று, கிறிஸ்தவனைக் கிறிஸ்தவன் கொல்வதற்குக் காசு வாங்கிக்கொண்டு மன்னிப்பு கொடுப்பதா என்று கேட்டார். அந்த ஆண்டு ஜூலையில் சீட்டு விற்பனையை எதிர்த்துக் கோயிலில் குரல் கொடுத்த மூன்று இளைஞர்களின் தலையை வெட்டினார்கள். ஜனங்கள் அந்த உடல்களைப் பெத்லகேம் சிற்றாலயத்துக்கே தூக்கிக்கொண்டு போனார்கள்.

1414 நவம்பரில் ஜெர்மானிய அரசர் சிகிஸ்மண்டின் நெருக்குதலில் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் பொதுச்சங்கம் கூடியது. ஏரிக்கரை ஊர். ரிஹென்டால் என்ற உள்ளூர்க்காரர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறார்: அறை வாடகை, ரொட்டி விலை, வண்டியில் அடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து பணியாரம் விற்றவர்கள் உட்பட. எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். மலைப்பாதையில் கோசாவின் வண்டி கவிழ்ந்ததையும், ஊரை மேலிருந்து பார்த்து, நரி பிடிக்கும் பொறி இதுதானா என்று அவர் முனகியதையும் சொல்வதும் இவர்தான்.

கோசாவின் கணக்கு, தன் பக்கம் இத்தாலிய ஆயர்கள் தலை எண்ணிக்கையில் அதிகம் என்பது. சங்கம் அதை ஒரே விதியால் உடைத்தது: தலைக்கு ஒரு வாக்கு கிடையாது, தேசத்துக்கு ஒரு வாக்கு. இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து. 1415 மார்ச் 20-ல் குதிரைப் போட்டி ஒன்றில் ஊரே மூழ்கியிருந்தபோது கோசா குதிரைக்காரன் வேடத்தில் ஓடிப்போனார். தலைவர் ஓடிவிட்டால் கூட்டம் செல்லுமா? ஏப்ரல் 6-ல் சங்கம் தீர்மானம் போட்டது: எங்கள் அதிகாரம் கிறிஸ்துவிடமிருந்து நேரடியாக வருகிறது, போப்பாண்டவரும் கட்டுப்பட வேண்டும். அந்தக் காலத்துக்கு இது இடி. மே 29-ல் கோசாவைப் பிடித்து நீக்கினார்கள். கிரகோரி கெட்டிக்காரர். நானே இந்தச் சங்கத்தைக் கூட்டியதாக முதலில் அறிவிப்பேன், பிறகு விலகுவேன் என்றார். எட்டு மாதமாகக் கூடியிருந்த சங்கம், தன்னைக் கூட்டும் அழைப்பை ஜூலை 4-ல் மரியாதையாக உட்கார்ந்து கேட்டது. அப்புறம் அவர் ராஜினாமாவையும் கேட்டது. கௌரவம் காப்பாற்றிக் கொடுத்தால் வேலை நடக்கும் என்பதில் ஐரோப்பாவும் நம் சங்கங்களும் ஒன்று.

இதற்கு இரண்டே நாள் கழித்து, ஜூலை 6-ல், ஹுஸை எரித்தார்கள்.

சிகிஸ்மண்டின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பி வந்தவர் அவர். கடிதம் கைக்கு வருமுன்னே பயணம் கிளம்பியும்விட்டார். வந்த மாதமே கைது. கோசாவும் அவரும் அதே ஆண்டில் கோட்லீபன் என்ற ஒரே கோட்டையில் சிறை இருந்திருக்கிறார்கள்: சீட்டு விற்கச் சொன்னவரும், விற்காதே என்றவரும். விசாரணையில் ஹுஸ் கேட்டது, வேதாகமத்திலிருந்து என் தவறைக் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்பதே. சங்கம் கேட்டது மன்னிப்புக் கடிதம். பேய் உருவங்கள் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் வைத்து, கட்டி எரித்து, சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள், ஒரு துளிகூட ஊருக்குப் போய்விடக் கூடாது என்று.

கோசாவுக்கு என்ன ஆயிற்று? சில ஆண்டு காவல், பிறகு விடுதலை. 1417 நவம்பரில் தேர்வான 5-ஆம் மார்ட்டினின் காலில் விழுந்து மறுபடியும் கர்தினால் ஆனார். 1419 டிசம்பரில் இறந்தபோது, சிற்பிகள் தொனாத்தெல்லோவும் மிக்கெலோட்சோவும் அவருக்குச் செய்த கல்லறை இன்றும் ஃபுளோரன்ஸில் இருக்கிறது, 'முன்னாள் போப்பாண்டவர்' என்ற வாசகத்தோடு. பிரிவினையை முடித்து வைத்ததற்காகப் புத்தகங்கள் கான்ஸ்டன்ஸைப் புகழ்கின்றன. புகழட்டும், பெரிய வேலைதான். ஆனால் உண்டியலில் கை வைத்தவருக்குப் பளிங்குக் கல்லறை, உண்டியலைப் பற்றிக் கேள்வி கேட்டவருக்கு விறகு என்று தீர்ப்பு எழுதிய சபையை என்னால் முழு மனதாகப் பாராட்ட முடியவில்லை.

பொஹீமியாவில் ஜனங்கள் அதைவிடக் கடுமையாக நினைத்தார்கள். 1419 ஜூலை 30-ல் பிராக் நகர மன்றத்தினரை ஜன்னல் வழியே வெளியே எறிந்தார்கள். செய்தி கேட்ட வென்செஸ்லாஸ் சில நாளில் இறந்தார். அடுத்து சிம்மாசனம் யாருக்கு? அவர் தம்பிக்கு, அதாவது கடிதம் கொடுத்த அதே சிகிஸ்மண்டுக்கு. அவர் படையோடு வந்தார். ஹுஸ் பக்கத்தவர்களின் தளபதி, ஒற்றைக்கண் யான் ஜிஷ்கா, உழவர்களின் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி நின்றார். 1420-ல் அவர்கள்மேல் ஏவிய முதல் சிலுவைப்போர் படை விட்கோவ் குன்றில் தோற்றது. பிறகு வந்த படைகளும் தோற்றன; 1431-ல் தொமாஜ்லிட்சேயில் எதிரியின் பாட்டுச் சத்தம் கேட்டே ஓடின. 1434-ல் ஹுஸ் பக்கத்தவர்களே தங்களுக்குள் மோதிக்கொண்ட பிறகுதான் பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது. ஹுஸ் பக்கத்தவர்கள் கேட்டபடி, பூசையில் குரு மட்டும் அருந்திவந்த பாத்திரத்துத் திராட்சை ரசம் சாதாரண விசுவாசிகளுக்கும் உண்டு என்று எழுதிக் கொடுத்த பிறகே, 1436 ஆகஸ்டில், பிராக் நகரம் சிகிஸ்மண்டை ராஜாவாக உள்ளே விட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் இறந்துபோனார்.