பி.எஸ்.எம். 1 தேர்வு: ஸ்பிரிண்ட் பேக்லாக் கேள்விகளுக்கு நான் கைக்கொண்ட வழி

ஸ்க்ரம் என்ற குழுவேலை முறைக்கான சான்றிதழ்த் தேர்வான புரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர் (பி.எஸ்.எம்.) 1-இல் தேர்ச்சி பெற்றுவிட்டேன், மனம் இப்போதுதான் லேசாகியிருக்கிறது. 80 கேள்விகள், 60 நிமிடம், தேர்ச்சிக்கு 85 சதவீதம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு வந்த கேள்விகளில் கடினமானவை பெரும்பாலும் ஸ்பிரிண்ட் பேக்லாக்கை, அதாவது ஒரு ஸ்பிரிண்டுக்கான (ஒரு மாதத்துக்கு மிகாத வேலைச் சுற்றுக்கான) வேலைப் பட்டியலைச் சுற்றியே இருந்தன. எனவே அதை மட்டும் எழுதுகிறேன்.

எந்தக் கேள்வியானாலும் முதலில் ஸ்பிரிண்ட் இலக்கைத் தேடுங்கள். ஏன் செய்கிறோம் என்பது இலக்கு, எதைச் செய்கிறோம் என்பது தேர்ந்தெடுத்த உருப்படிகள், எப்படிச் செய்யப்போகிறோம் என்பது திட்டம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஸ்பிரிண்ட் பேக்லாக். ஸ்பிரிண்ட் நடக்கும்போது இலக்கு நிலைத்திருக்கும். திட்டம் தினமும் மாறலாம். ஸ்பிரிண்டைத் தொடங்கிவைக்கும் பிளானிங் கூட்டம் முடிந்ததும் பட்டியலுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் பல கேள்விகளில் ஒரேயடியாகச் சறுக்குவார்கள். வேலையில் இறங்கிய பிறகுதான் பல விஷயங்கள் தெரியவரும். அவை தெரியத் தெரிய டெவலப்பர்கள் புதிய பணிகளைச் சேர்ப்பார்கள், தேவையற்றதை நீக்குவார்கள். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் உருப்படியின் எல்லையையே மாற்ற வேண்டுமென்றால், தயாரிப்புக்கு எந்த வேலை முக்கியம் என்று தீர்மானிக்கும் புராடக்ட் ஓனருடன் பேசியாக வேண்டும். இந்த வேறுபாட்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு மேலாளர் அவசர வேலை கொண்டுவருவதாகக் கேள்வி வந்தால், அவர் நேரடியாகப் பட்டியலில் சேர்க்கும் விடையை உடனே தள்ளுங்கள். அவர் புராடக்ட் ஓனரிடம்தான் போக வேண்டும். பிறகு டெவலப்பர்கள் பேசி முடிவெடுப்பார்கள். இலக்குக்கு ஆபத்து என்றால் அந்த மாற்றம் கூடாது.

அடிக்கடி குழப்புபவை:

- ஸ்பிரிண்டில் முடிக்கப்படாத உருப்படி புராடக்ட் பேக்லாக்குக்கு, அதாவது தயாரிப்புக்கான மொத்த வேலைப் பட்டியலுக்குத் திரும்பும். தானாக அடுத்த ஸ்பிரிண்டுக்குள் நுழையாது.
- ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோ பிடிக்கும் பணிகளாகப் பிரிப்பது பரவலான வழக்கம், கட்டாயம் அல்ல.
- டெய்லி ஸ்க்ரம் என்ற தினசரிக் கூட்டத்தில் முன்னேற்றத்தைச் சோதிக்கப் போதுமான விவரம் ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் இருந்தால் போதும்.
- இலக்கே காலாவதியானால் ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரம் புராடக்ட் ஓனருக்கு மட்டுமே.

இலவசமாகச் சுற்றும் பழைய வினாத்தொகுப்புகள் மீது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. குழு தன் வேலைமுறையை மேம்படுத்தும் பணி ஒன்றாவது ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் இருக்க வேண்டும் என்பது ஸ்க்ரம் விதிகளைச் சொல்லும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2017 பதிப்பின் விதி. 2020 பதிப்பில் அது கட்டாயமில்லை, சேர்க்கலாம் என்று மட்டுமே இருக்கிறது. இது தெரியாமல் பழைய விடையையே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். 2020 பதிப்பில் கைவிடப்பட்ட 'டெவலப்மென்ட் டீம்' என்ற பழைய பெயர் எழுதியிருந்தால் அந்தத் தொகுப்பை மூடிவிடுங்கள்.

எனக்கு அட்டை வைத்து மனப்பாடம் செய்வது ஒத்துவராது. ஸ்க்ரம் வழிகாட்டியை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் 'இது யார் பொறுப்பு?' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். தேர்வில் நீளமான சூழல் கேள்விகளைக் குறியிட்டுத் தள்ளிவைத்து, குறுங்கேள்விகளை முதலில் முடியுங்கள். திரும்பி வரும்போது நிதானமாகப் படிக்க நேரம் கிடைக்கும்.