கொட்டிலுக்கும் அறைக்கும் அறுபது அடி

2024 பெப்ரவரி 9

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்து மூன்று கிழமை. வலியைவிட எங்கள் பசு லட்சுமியைப் பற்றிய யோசனைதான் அவருக்குப் பெரிது. நிறைசினை. "மடி விட்டிட்டுதோ? ஒருக்காப் போய்ப் பார் தம்பி" என்று மணிக்கொரு தரம்.

பழைய போன் ஒன்றைக் கொட்டில் கப்பில் கட்டினேன். கமரா செயலி தரும் ஆர்டிஎஸ்பி முகவரியை, அதாவது நேரலைப் படம் கிடைக்கும் முகவரியை, மடிக்கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் கொடுத்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயரால் அம்மாவின் அறை ரீவிக்கு எடுத்தேன். டேட்டாச் செலவே இல்லை. படம் எங்கள் ரவுட்டர் வரை போய்த் திரும்புகிறது, வேலியைத் தாண்டுவதில்லை. இணையம் அறுந்தாலும் ஓடும்.

பெப்ரவரி 10

"ஏன் தம்பி லட்சுமி எல்லாத்தையும் ரெண்டு தரம் கத்துது?"

யன்னலால் வரும் கத்தல் முதலில் கேட்கிறது. ரீவியில் வாய் திறப்பது பிறகுதான். போனை அறைக்குக் கொண்டுவந்து, ஓடுகிற ஸ்டொப்வாட்சை அதன் கமராவுக்கு முன் பிடித்து, அதையும் ரீவியையும் சேர்த்து ஒரு படம் எடுத்தேன். கையில் 41.6, ரீவியில் 38.5. மூன்று விநாடிக்கு மேல் பிந்துகிறது!

இரவு முழுக்க அதோடுதான். இடையில் தடங்கினாலும் படம் நிற்காமல் இருக்க, விஎல்சி 1000 மில்லிவிநாடிக் காட்சியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான் காட்டும். அதை 300 ஆக்கினேன். பழைய போன் 1080 வரித் தெளிவில் படத்தைச் சுருக்கத் திணறியது, 720க்கு இறக்கினேன். ரீவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக்கொண்டு நின்றது, 'கேம்' நிலைக்கு மாற்றியதும் அதுவும் விட்டது. திரும்ப அளந்தேன், 0.8. போனைத் திரும்பக் கொட்டிலில் கட்டினேன். அம்மா கண்ணை மூடி ஒரு கத்தலைக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றார்.

பெப்ரவரி 12

கொட்டிலில் இப்போது வேறு கதை. லட்சுமி தலையைத் திருப்பினால் முகம் சாம்பல் கட்டங்களாக இழுபட்டுப் போகிறது. படம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காத யுடிபி முறையில் தொலைந்த துண்டு திரும்பி வராது. ஓடும் படத்தின் சட்டங்களில் (தனித்தனிப் படங்களில்) பெரும்பாலானவை முந்தியதிலிருந்து மாறியதை மட்டுமே சுமப்பதால், அடுத்த முழுச்சட்டம் வரும்வரை அந்தக் காயம் ஆறாது. மற்ற முறையான டிசிபிக்கு மாற்றினேன். கட்டங்கள் போயின, ஆனால் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி, பிந்தல் ஏறிக்கொண்டே போனது.

குற்றம் சுவரில். தாத்தா கட்டிய சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை சரியாகப் போகாது. ரவுட்டரைக் குசினி யன்னலுக்கு நகர்த்தி, போனை 2.4இல் இணைத்தேன். மடிக்கணினிக்கு அறை வரை வயர் இழுத்தேன். படம் தெளிந்தது, திரும்பவும் யுடிபியிலேயே.

பெப்ரவரி 14

கரண்ட் போய் வந்தது. ரவுட்டர் போனுக்குப் புது முகவரி கொடுத்துவிட, திரை கறுப்பு. இனி மாறாதபடி அந்தப் போனுக்கென ஒரு முகவரியை ரவுட்டரில் ஒதுக்கிவிட்டேன். கொட்டிலில் ஒரு பல்ப் விடிய விடிய எரிகிறது.

பெப்ரவரி 17

விடியப்புறம் மூன்றரை. நான் நல்ல நித்திரை. "தம்பி, எழும்பு! தண்ணிக்குடம் உடைஞ்சிட்டுது!" அம்மா ரீவியில் கண்டிருக்கிறார்.

ஓடினேன். முன்னங்கால் குளம்பு இரண்டு வெளியே, மேலே மூக்கு நுனி. கையை நீட்டவும் யன்னலுக்குள்ளால் அம்மாவின் குரல்: "இழுக்காதை! தானாய் வரட்டும்!" கையை எடுத்தேன். லட்சுமி முக்கினாள், தலை வந்தது. "இப்ப பிடி, கீழ்ப்பக்கமாய்!" அந்தக் கணத்தில் சொன்னார், அந்தக் கணத்திலேயே பிடித்தேன். மூன்று விநாடி பிந்தியிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

நாகு கண்டு. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இளங்கொடியைப் பனையோலை உமலில் கட்டி ஆலமரத்தில் தூக்கிவிட்டு வந்தேன். கடும்புப் பால் காய்ச்சுகிறார்கள்.

போனைக் கழற்றட்டோ என்று அம்மாவைக் கேட்டேன். கண்ணை எடுக்காமல், "விடு, கண்டு மற்றப் பக்கக் காம்பைத் தேடுது" என்றார்.